மாத்திரை டப்பாவில் தையல் ஊசி: மூன்று வருஷ அனுபவம்

போன வாரம் புளியரையிலிருந்து வந்த தோழி, மெஷின் பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு "உனக்குச் சுகரா?" என்று கேட்டாள். திறந்து காட்டினேன். உள்ளே ஊசிகள். "நல்லாருக்கே, நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்றாள். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் மெக்கானிக்குக்கு 450 ரூபாய் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குமே, ஒவ்வொரு மூடியிலும் கிழமையின் ஆங்கில முதல் எழுத்து போட்ட ஏழு அறை டப்பா, அதுதான். விலை 40 ரூபாய். அதற்கு முன்னால் எல்லா ஊசியும் தக்காளி மாதிரி இருக்கும் துணிப் பந்தில் குத்திக் கிடந்தன. குத்திய பிறகு எது 14-ஆம் நம்பர், எது 16-ஆம் நம்பர் என்று யாருக்குத் தெரியும்? பாக்கெட்டில் 90/14, 100/16 என்று போட்டிருப்பதில் முதல் எண் ஊசித் தண்டின் கனம், ஒன்று 0.9 மில்லிமீட்டர், மற்றது 1 மில்லிமீட்டர். அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, துணிக்கு நன்றாகவே பிடிபடும். தடித்த மேல்பகுதியில் நம்பர் பொறித்திருக்கிறார்கள்தான். ஆனால் அதைப் படிக்க ஜன்னலோரம் போய், போன் கேமராவைப் பெரிதாக்கி, ஊசியை நகத்துக்கு நடுவில் பிடித்து உருட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வண்ணக்கோடு போட்ட ஷ்மெட்ஸ் ஊசி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. எனக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கோடில்லாத ஊசி.

டப்பா வந்ததும் நிம்மதி. ஞாயிறு 11, திங்கள் 14, செவ்வாய் 16. புதன் பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசி. வியாழன் பவர் மெஷினுக்கான உருண்டைத் தலை டிபி ஊசி, வெள்ளி ஜீன்ஸுக்கு 18. உதவிக்கு வரும் பெண் ஒரே வாரத்தில் நம்பரை மறந்துவிட்டாள். "யக்கா, திங்கள் தீந்துருச்சு", "யக்கா, ஒரு வெள்ளி எடுங்க" என்பாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எனக்கு இன்றைக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

குறை இல்லாமல் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மூடியில் ஒரே எழுத்து. மார்க்கரில் நம்பர் எழுதினால் மெஷின் எண்ணெய்க் கை பட்டு இரண்டே நாளில் அழிந்துவிடுகிறது. வியாழன் மூடியில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன், அது நிற்கிறது. அப்புறம் சாரல். ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் காற்றில் வைத்த உப்பே கசியும், இந்த மூடியா தடுக்கும்? முதல் வருஷம் ஞாயிற்று ஊசிகளில் புள்ளி புள்ளியாகத் துரு. மாத்திரை பாட்டிலுக்குள் போட்டுக் கொடுக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை ஒன்று பக்கத்தில் வைத்து, இரண்டையும் எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட்டேன். மாத்திரை டப்பாவுக்கு மாத்திரைப் பொட்டலம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சனிக்கிழமை.

ஒரு 14 மாட்டி ஒரே ஒரு காட்டன் ஜாக்கெட் தைத்திருப்பேன். அதற்குள் ஒருவர் ஜீன்ஸை மடித்துத் தரச் சொல்லி நிற்பார். 14-ஐக் கழற்றி எங்கே போடுவது? திங்களில் போட்டால் புதுசும் ஓடினதும் கலந்துவிடும். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடினால் மாற்று என்பார்கள். இது அரை மணி கூட ஓடவில்லை. தூக்கிப் போடக் கை வராது. சனிக்கிழமை அறையில் போடுவேன். அடுத்த நாள் ஒரு 16, அதற்கடுத்து ஒரு 11. மாதக் கடைசியில் பழைய தக்காளிப் பந்துதான், குத்தாமல் கிடக்கிறது, அவ்வளவே வித்தியாசம். ஊசி எத்தனையாம் நம்பர் என்று டப்பா சொல்லும், எவ்வளவு ஓடியது என்று சொல்லாது.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் எங்கள் செங்கோட்டை. ஓணத் தையல் எங்களுக்கு வெளியூர் வேலை இல்லை. போன வருஷம் ஆரியங்காவிலிருந்து ஒரு சேச்சி ஜரிகைக் கரை போட்ட கசவு ஜாக்கெட் கொடுத்திருந்தார். அவசரத்தில் சனிக்கிழமையிலிருந்து ஒரு 11. ஏற்கெனவே ஜரிகையில் ஓடி முனை கொக்கி விட்டிருந்தது, நகத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கையோரக் கசவில் ஒரு ஜரிகை இழை, நான்கு விரல் அகலத்துக்குச் சுருங்கி மேலே எழும்பி வந்துவிட்டது. சேச்சி "சாரமில்ல", பரவாயில்லை, என்றார். அவருடைய முகம் அப்படிச் சொல்லவில்லை. பாதித் துணிக் காசைக் கொடுத்தேன்.

போன வாரம் பவர் மெஷினில். லேசாக வளைந்த டிபி ஊசி, சனிக்கிழமைச் சரக்குதான். பாபின் கேஸில் இடித்து ஒடிந்து, உள்ளே நூலைப் பிடித்துச் சுற்றும் ஹூக்கில் கீறல். மெக்கானிக் ஒடிந்ததை வைத்துவிட்டு டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினார். நேரான ஊசி சீராக உருளும், இது முனை தட்டித் தட்டி ஆடியது. கிழமைக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ சனிக்கிழமையத் தூக்கிப் போடுங்கக்கா" என்றார்.

ஓடின ஊசிக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. தைத்த துணியிலேயே ஒரு துண்டு வெட்டி, நம்பர் எழுதி, ஊசியை அதில் குத்தி வைத்தால் எதில் ஓடியது என்று துணியே சொல்லும். ஒரு வாரமாகச் செய்கிறேன், இதுவரை பிழையில்லை. அப்படியானால் டப்பா எதற்கு? அதனால் தோழியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: வாங்காதே, தண்டச் செலவு.

மறுநாள் அம்மாவுக்கு பிபி மாத்திரை வாங்கப் போனபோது கடையில் 14 அறை டப்பா தொங்கியது. மேல் வரிசை காலை, கீழ் வரிசை இரவு. 90 ரூபாய். இப்போது புது ஊசி காலையில், ஓடினது இரவில். தோழிக்கு இன்னும் சொல்லவில்லை.