கிரஹாம்ஸ் 1985 விண்டேஜ் போர்ட்: மட்டக்களப்பு வெக்கையில் திறந்த போத்தல்

போர்த்துக்கலின் டோரோ பள்ளத்தாக்கில், திராட்சைச் சாறு பாதி நொதித்து இனிப்பு மிஞ்சியிருக்கும்போதே 77 சதவீத மதுசாரம் கொண்ட திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். போர்ட் வைனின் இனிப்பும் ஏறத்தாழ 20 சதவீத மதுசாரமும் அதனால் வருபவை. அவற்றுள் விண்டேஜ் என்பது, சிறப்பாக விளைந்த ஓர் ஆண்டின் அறுவடையை மாத்திரம் பீப்பாயில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் வைத்து, வடிகட்டாமலே போத்தலில் அடைத்து, அங்கேயே பல பத்தாண்டுகள் முதிரவிடும் உயர்ந்த வகையாகும். கிரஹாம்ஸ் என்ற போர்ட் தயாரிப்பு நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு விண்டேஜான இந்தப் போத்தலை லண்டனிலிருந்து வந்த மைத்துனர் கொண்டுவந்தார். மட்டக்களப்பு போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டிய ஊர், ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியர் சிலர் இன்றும் கிரியோல் என்ற போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேசும் ஊர் என்றாலும், இங்குள்ள கடைகளில் இத்தகைய முதிர்ந்த போர்ட்டை நான் கண்டதில்லை.

வடிகட்டாத வைன் என்பதால் உள்ளே தடித்த மண்டி படிந்திருக்கும். பயணத்தில் குலுங்கிய போத்தலைச் சில வாரங்கள் குளிர்ந்த இடத்தில் அசையாமல் கிடத்தி, திறப்பதற்கு முன் குறைந்தது ஒரு முழுநாள் நிமிர்த்தி வைத்தால்தான் மண்டி அடியில் இறங்கும். பழைய தக்கை திருகாணிக்கு உதிர்ந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் செருகி மெதுவாக முறுக்கி இழுத்தபோது, அடிப்புறம் கறுத்து ஊறிய தக்கை முழுமையாகவே வெளியே வந்தது. மண்டி வருவது தெரியும்படி கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, கை நடுங்காமல் ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் இறுத்தோம். வெகுநேரம் மாதுளைச் சிவப்பில் தெளிவாக ஓடிய வைனில், கடைசியில் புகை போல ஒரு மெல்லிய இழை கழுத்தை நோக்கி நகர்ந்தது. அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். எஞ்சும் இரண்டு விரற்கடையைத் துணியில் வடித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. அது குடுவையிலுள்ள தெளிவைக் கெடுக்கும் என்பதே என் கருத்து.

எல்லாவற்றையும்விட இங்கே முக்கியமானது வெப்பநிலை. அறையின் வெப்பத்திலேயே பருகலாம் என்ற ஐரோப்பிய அறிவுரை 30 பாகை தாண்டும், மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது; அந்த வெப்பத்தில் சாராய நெடிதான் மேலெழும். குடுவையைப் பனிக்கட்டி நீரில் சிறிது நேரம் நிறுத்தி 16 முதல் 18 பாகைக்குக் கொண்டுவந்த பிறகே வாசனை விரிந்தது. முதலில் இறுக்கமாக இருந்த வைன், ஒரு மணிநேரம் காற்றுப்பட்டதும் நாவற்பழம், உலர்ந்த அத்திப்பழம், கிராம்பு, புகையிலை என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது. கிரஹாம்ஸுக்கே உரிய செழுமையான இனிப்பு நாவின் நடுவில் நிறைய, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் துவர்ப்பு அதைத் திகட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. விழுங்கிய பின்னும் சுவை நெடுநேரம் தங்குகிறது. உடன் உண்ண, ஆங்கிலேயர் விரும்பும் ஸ்டில்டன் பாலாடைக்கட்டி கிடைக்காதபோது, உப்பிடாமல் வறுத்த நம்மூர்க் கஜு மிக நன்றாகப் பொருந்துகிறது.

வாய்ப்புக் கிடைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் குளிர்ந்த இடத்தில் வைக்க வசதியில்லாதவர்கள் நீண்டகாலம் சேமித்து வைக்க வேண்டாம். இறுத்த பின்னரும் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் பருகி முடித்துவிட வேண்டும்.