டிராவல் டிரெய்லர் வீல் பேரிங்குக்கு கிரீஸ்: கழற்றி வைப்பதா, நிப்பிளில் அடிப்பதா?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளான டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலும் 3500 முதல் 7000 பவுண்டு வரை தாங்கும் ஆக்ஸில்கள்தான். சக்கரத்துக்கு இரண்டு டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங், ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) பின்பக்கம் கிரீஸ் ஒழுகாமல் தடுக்கும் ஓர் ஆயில் சீல். ஹப்பும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. மின்சார பிரேக்கின் ஷூவும் மேக்னட்டும் அந்த சீலுக்கு அடுத்தாற்போலவே இருக்கின்றன; சீல் போனால் கிரீஸ் பிரேக்கில்தான் இறங்கும். ஆகவே எந்த முறையில் கிரீஸ் போடுவது என்று பார்க்கும்போது, செலவையும் நேரத்தையும் கணக்குப் போடுவதற்கு முன்னால் "இதில் சீல் பிழைக்குமா?" என்று கேட்க வேண்டும்.

ஏற்கெனவே ஒழுகுகிறதென்றால், எங்கே என்று பாருங்கள். ரிம்மின் வெளிமுகத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் டஸ்ட் கேப்போ அதிலுள்ள ரப்பர் மூடியோ சரியாக உட்காரவில்லை. அது சின்ன வேலை. டயரின் உள்பக்கத்திலும், பிரேக் பாகங்களைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டின் கீழ் விளிம்பிலும் கறுப்பாக வழிந்திருந்தால் பின் சீல் போய்விட்டது. அன்றைக்கே டிரம்மைக் கழற்றியாக வேண்டும்.

இப்போது வரும் டிரெய்லர்களில் அதிகம் காண்பது நிப்பிள் முறை, அதாவது கிரீஸ் கன்னைப் பொருத்தும் சின்ன முனை வழியே அடிப்பது. ஆக்ஸில் தயாரிக்கும் டெக்ஸ்டரின் ஈசி லூப், லிப்பர்ட்டின் சூப்பர் லூப் இரண்டும் வேலை செய்வது ஒரே விதமாகத்தான். ரப்பர் மூடியை எடுத்தால் ஸ்பிண்டில் (ஹப் சுழலும் ஆக்ஸில் தண்டு) முனையில் நிப்பிள் தெரியும். அதில் அடிக்கும் கிரீஸ் ஸ்பிண்டிலின் நடுத்துளை வழியே பின்னால் போய், சீலுக்கும் உள் பேரிங்குக்கும் இடையில் வெளிவரும். அங்கிருந்து உள் பேரிங், ஹப்பின் வயிறு, வெளி பேரிங் எனக் கடந்து, பழைய கிரீஸை முன்பக்கமாகத் தள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் புதுக் கிரீஸ் முதலில் முட்டும் இடமே சீல். சக்கரம் சுற்றாமல் நிற்கும்போதோ, குளிரில் கிரீஸ் இறுகியிருக்கும்போதோ, காற்றழுத்தக் கன்னாலோ வேகமாக அடித்தால், ரோலர்களுக்கு நடுவே போக வழியில்லாமல் சீலின் உதட்டைப் புரட்டிக்கொண்டு டிரம்முக்குள் இறங்கிவிடும். முன்னால் பழைய கிரீஸ் வரவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பதில்தான் பிரேக் கெடுகிறது.

இந்த முறையை வைத்துக்கொள்வதானால், சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க, கைக் கன்னால் மெதுவாக அடிக்க வேண்டும். கைக்கு எதிர்ப்பு கூடினால் நிறுத்திவிடுங்கள். சீல் இரட்டை உதடும் சுருள்வில்லும் உள்ளதாக இருக்கட்டும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு குறை தீராது: பேரிங்கையும் பிரேக்கையும் கண்ணால் பார்க்க முடியாது.

கழற்றிக் கையால் வைப்பது பழைய முறை. பிரேக் உள்ள ஆக்ஸிலுக்கு எங்கள் தேர்வும் இதுதான். 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முன்னால் வருகிறதோ அப்போது செய்யச் சொல்கிறது டெக்ஸ்டர். ஜாக்கியை ஆக்ஸில் குழாயில் கொடுக்காமல் சேசிஸில் கொடுத்து, ஸ்டாண்டு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பேரிங்கைச் சால்வென்டில் கழுவி, துணியில் உலர்த்துங்கள். காற்றடித்துச் சுழற்றக் கூடாது. ரோலரிலோ அது ஓடும் கப்பிலோ (வெளி வளையம்) குழி, உரிதல், சூட்டு நீலம் இருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பல 3500 பவுண்டு ஆக்ஸில்களில் உள் பேரிங் எல் 68149, வெளி பேரிங் எல் 44649. ஆனாலும் கழற்றியதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். சீல் உட்காரும் ஸ்பிண்டில் பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மறுபக்கம் ரோலர் இடுக்குகளில் பிதுங்கி வரும்வரை அடையுங்கள். பழைய சீலைத் திரும்பப் போடவே கூடாது. புதியதை மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்கி, உதட்டில் கிரீஸ் தடவுங்கள். டிரம்மை ஏற்றும்போது சீல் ஸ்பிண்டில் மரையில் உரசினால் அங்கேயே கிழிந்துவிடும். டிரம்மைச் சுற்றிக்கொண்டே ஸ்பிண்டில் நட்டை 50 அடி-பவுண்டுக்கு இறுக்கி, பிறகு டிரம்மைச் சுற்றாமல் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமலிருக்கக் காட்டர் பின்னோ பூட்டு வாஷரோ மாட்டுங்கள்.

பேரிங் பட்டி எனப்படும் சுருள்வில் கேப் படகு டிரெய்லருக்கானது. தண்ணீரில் இறங்கும் ஹப்புக்குள் நீர் புகாமலிருக்க அது கிரீஸை எப்போதும் லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும். டிராவல் டிரெய்லரில் அந்த அழுத்தம் பின் சீலுக்குத்தான் சுமை. கிரீஸும் முன்பக்கமாகவே நுழைவதால் உள் பேரிங்குக்குப் புதியது எளிதில் போய்ச் சேராது. வேண்டாம்.

புது டிரெய்லர் வாங்குபவர்கள் டெக்ஸ்டரின் நெவ்-ஆர்-லூப் ஆக்ஸில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். கிரீஸோடு சீல் செய்த கார்ட்ரிட்ஜ் பேரிங் அது. கிரீஸ் போடும் வேலையே இல்லை. சீல் ஓரத்தில் லேசாக ஈரம் தெரிவது இயல்பு. ஆண்டுக்கொரு முறை சக்கரத்தை ஆட்டி, ஆட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே பிரஸ்ஸில் தள்ளி மாற்ற வேண்டும். வழியில் நின்றால் சாலையோரத்தில் நடக்கிற வேலையில்லை.

எந்த முறையானாலும் லித்தியம் காம்ப்ளக்ஸ், என்.எல்.ஜி.ஐ. (கிரீஸின் கெட்டித்தன்மை அளவு) 2 தரக் கிரீஸ் போடுங்கள். களிமண் சார்ந்த கிரீஸையோ பாலியூரியாவையோ அதோடு கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். வகை மாற்றுவதானால் பழையதை முழுக்கக் கழுவிய பிறகே.

கிரீஸ் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. லைனிங் உறிஞ்சியது சூடானதும் மறுபடி வெளிவரும். அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையேல் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். சக்கரம் மாட்டியபின் 10, 25, 50 மைலில் லக் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அந்த நிறுத்தங்களிலேயே ஹப்புகளின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒப்பிடுங்கள்: ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகச் சுட்டால், நட்டு இறுக்கத்தையும் பிரேக் உரசுகிறதா என்பதையும் பார்க்காமல் மேலே ஓட்ட வேண்டாம்.