மொட்டை மாடியும் நான்கு மரங்களும்: நிகான் பி950 கேமராவோடு இரண்டு இளவேனில்கள்

எனக்கு முழங்கால் தேய்மானம். காடு, ஏரி, சரணாலயம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. எனக்கு வாய்த்தது மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு நாற்காலி, அங்கிருந்து தெரிகிற நான்கு மரங்கள். ஒரு கல்யாண முருங்கை, ஒரு புங்கு, ஒரு வேம்பு, அப்புறம் பாதி பட்டுப்போன ஒரு பூவரசு. இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு இளவேனில் காலம் நிகான் கூல்பிக்ஸ் பி950 கேமராவைப் பயன்படுத்தியிருக்கிறேன். அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

இந்தக் கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு தூரம் இழுக்கும் என்றுதான் பேசுகிறார்கள். நிலாவின் பள்ளங்கள், எங்கோ இருக்கும் கோபுர உச்சி, கண்ணுக்கே தெரியாத கப்பல். எல்லாம் உண்மைதான், எடுக்கும். ஆனால் என் அனுபவத்தில் இது தூரத்துக்கான கேமரா இல்லை. இருபது, முப்பது மீட்டருக்குள் நம்மைக் கண்டு பயப்படாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கான கேமரா.

ஏன் என்று சொல்கிறேன். பல வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கணக்காகவே சொல்ல வருகிறது. இதன் லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு இணையான கணக்கில், அகலமாகக் காட்டும் 24 மி.மீ.யில் தொடங்கி நெருக்கிக் காட்டும் 2000 மி.மீ. வரை போகிறது. 83 மடங்கு. முழு ஜூமில் படத்தின் அகலம் சுமார் ஒரு டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்திப் பாருங்கள், அது மறைக்கிற அகலம்தான் அது. இருபது மீட்டர் தொலைவில் அந்த ஒரு டிகிரிக்குள் 36 சென்டிமீட்டர் அகலம் அடங்கும். தேன்சிட்டு பத்து சென்டிமீட்டர் நீளம். ஆக, படத்தின் அகலத்தில் கால்வாசிக்கும் மேலே பறவைதான் இருக்கும். அலகில் ஒட்டிய மகரந்தம்கூடத் தெரியும். அதே தேன்சிட்டு நூறு மீட்டரில் இருந்தால் படத்தின் அகலம் 1.8 மீட்டர் ஆகிவிடும், பறவை அதில் பதினெட்டில் ஒரு பங்கு. நடுவில் நூறு மீட்டர் காற்று வேறு இருக்கிறது.

அந்தக் காற்றைத்தான் நான் முதல் வருஷம் கணக்கில் எடுக்கவில்லை. தெருக்கோடியில் ஓர் இலவமரம் உண்டு. இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது, மைனாவும் கரிச்சானும் மொய்த்தன. முற்பகல் பதினோரு மணிக்கு அதை நோக்கி ஐம்பது படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கை ஆடிவிட்டது என்று நினைத்து ட்ரைபாட் வைத்து எடுத்தேன், அப்படியும் அதே கதி. காரணம் வெயில்தான். சூடான தளம், தகரக் கூரை, தார் ரோடு இவற்றின் மேலே எழும் வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வேறு வேறு அளவில் வளைக்கின்றன. கானல் தெரிவதும் இதே வளைவால்தான். ஜூம் செய்யும்போது அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகிறது. இதற்கு எந்த லென்ஸும் மருந்து இல்லை. சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம், அதுவும் பக்கத்தில் இருப்பவை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்ட பிறகு என் படங்கள் மாறிவிட்டன.

சரி, கேமராவுக்கு வருகிறேன். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மாடல். லென்ஸை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. எடை சுமார் ஒரு கிலோ. என் வயதில் அது கையில் தெரிகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்க மாட்டேன். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். ட்ரைபாடைவிட இது எனக்கு வசதி, பறவை கிளை மாறினால் சட்டென்று திருப்பலாம். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. திரையை வெளியே இழுத்து மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். உட்கார்ந்து குனிந்து பார்த்தபடியே உயரத்தில் இருப்பதை எடுக்கலாம் என்பதால் கழுத்து வலி இல்லை. வெயில் ஏறினால் திரை தெரியாது, அப்போது வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் அதுவாகவே மாறிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஒரு சின்னப் பொத்தான். முழு ஜூமில் இருக்கும்போது தேன்சிட்டு இரண்டு அடி தள்ளித் தாவினாலே படத்திலிருந்து காணாமல் போய்விடும். சுண்டுவிரல் அகல ஜன்னல் வழியே அதைத் தேடுவது பெரும்பாடு. அந்தப் பொத்தானை அழுத்தினால் லென்ஸ் சற்றுப் பின்வாங்கி, சுற்றியுள்ள கிளைகளைக் காட்டும். பறவையைக் கண்டுபிடித்து நடுவில் வைத்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். இதைப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. புதிதாக வாங்குகிறவர்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை முதலில் பழகுங்கள்.

மேல் சக்கரத்தில் பறவைக்கு ஒரு முறை, நிலாவுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகவே இருக்கின்றன. பறவை முறை முதல் மாதத்துக்கு நல்லது. அப்புறம் நான் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, நானே வைக்கும் முறைக்கு மாறிவிட்டேன். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு போதும். தேன்சிட்டு தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், அதற்கு 1000இல் ஒரு பங்கு வேண்டும். வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். கேமரா அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வின் அளவை, ஏற்றும். இங்கேதான் இதன் எல்லை வருகிறது. ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் 1/2.3 அங்குல வகை, பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. பெரிய கேமராக்களில் உள்ள முழுச் சட்டகச் சென்சார் 864 சதுர மி.மீ. முப்பதில் ஒரு பங்கு அளவில் வந்து விழும் ஒளியும் அதற்கேற்பக் குறைவு. எந்த நிறுவனம் செய்தாலும் இவ்வளவு சின்னச் சென்சார் இப்படித்தான் நடந்துகொள்ளும், இவ்வளவு நீள ஜூம் ஒரு கிலோவுக்குள் அடங்குவதும் அதனால்தான். ஐஎஸ்ஓ 400 வரை இறகுக் கோடுகள் தனித்தனியாக இருக்கின்றன. 800ஐத் தாண்டினால் இறகு மெழுகு பூசினாற்போல் வழவழத்துவிடுகிறது. ஆகவே வேம்பின் அடர்ந்த நிழலில் இருக்கும் தையல்சிட்டை நான் எடுக்க முயல்வதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன். பறக்கும் பறவைக்கும் இது சரிப்படாது. அந்த ஆசை உள்ளவர்கள் லென்ஸ் மாற்றும் கேமராவுக்குப் போவது நல்லது.

கல்யாண முருங்கை பூக்கும் அந்த மூன்று வாரம்தான் எனக்கு வருஷத்தின் உச்சம். இலை உதிர்ந்த கிளைகளில் நெருப்பு நிறப் பூ. மைனா, கொண்டைக்குருவி, கரிச்சான், காக்கை, தேன்சிட்டு எல்லாம் முறை வைத்தாற்போல் வரும். ஊதாத் தேன்சிட்டின் ஆண் பறவையை எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது படத்தில் கறுப்பாக விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அந்த மினுமினுப்பு சாயம் அல்ல, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். கோணம் தவறினால் அணைந்துவிடும். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், பறவை தலையை நம் பக்கம் திருப்ப வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, நொடிக்கு ஏழு வீதம் தொடர் படம் எடுப்பேன். பத்துப் படத்துக்குப் பிறகு கேமரா அவற்றைச் சேமித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்காமல், தலை திரும்பும்போது மட்டும் அழுத்தப் பழகிக்கொண்டேன். மார்பில் ஊதாவும் பச்சையும் ஒருசேர மின்னும் ஒரே ஒரு படம் இருக்கிறது என்னிடம். எழுநூறு படங்களில் ஒன்று அது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

குயிலைக் கேட்காதவர்கள் இல்லை, பார்த்தவர்கள் கொஞ்சம்தான். புங்கமரத்துக்குள் ஒளிந்து கூவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் இலை இடுக்கில் கேமராவை நிலைநிறுத்திவிட்டுப் பேத்தியைப் பார்க்கச் சொன்னேன். "பாட்டி, அதுக்குக் கண்ணு ரத்தச் சிவப்பா இருக்கு!" என்று கத்தியதில் பறவை பறந்துவிட்டது. படம் கிடைக்கவில்லை. அவளுக்கு அந்தக் கண் கிடைத்தது, அது போதும் எனக்கு. குயில் போன்ற கறுப்புப் பறவையை வானத்தின் பின்னணியில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் நிழலுருவம்தான் வரும். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூவுக்கு நேர்மாறு. குறைத்து வைக்காவிட்டால் இதழின் நரம்பெல்லாம் வெளுத்துப் போய்விடும்.

பூக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதைப் பூவுக்காக வாங்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எடுக்கும் மேக்ரோ வசதி இருக்கிறது. நான் அதிகம் பயன்படுத்துவது அதுவல்ல. முழு ஜூமில் ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து குவியம் கிடைக்கிறது. மாடியிலிருந்து வேப்பமரத்தின் உச்சிக் கிளை கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். வேப்பம்பூவை நாம் பார்ப்பதெல்லாம் தரையில் உதிர்ந்து கிடக்கும்போதுதான். கிளையில் விரிந்து நிற்கும்போது அதன் ஐந்து வெள்ளை இதழ்களுக்கு நடுவே சின்னக் குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்பதை இந்தக் கேமராவில்தான் முதன்முதலில் பார்த்தேன். எத்தனையோ வருஷம் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறேன், அந்தக் குழாயைக் கண்டதில்லை. தொலைவிலிருந்து எடுப்பதால் தேனீயும் கலையாது, பின்னணியும் பச்சையாகக் கரைந்துவிடும்.

வானத்துக்கு நான் கொடுக்கும் நேரம் குறைவு. பிறை நிலாவின் இருண்ட பகுதியில் பூமியிலிருந்து திரும்பும் ஒளியால் தெரிகிற சாம்பல் வட்டம், வியாழனின் பக்கத்தில் ஒரே கோட்டில் நிற்கும் நான்கு நிலாக்கள். இவை இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டுபிடித்த அதே நான்கு நிலாக்கள் நம் மாடியிலிருந்து தெரிகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. முழு ஜூமில் நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நிரப்பும், ஆனால் பூமி சுழல்வதால் இரண்டு நிமிஷத்தில் தன் விட்டம் அளவுக்கு நகர்ந்துவிடும். ட்ரைபாடில் வைத்து, சற்று முன்னால் இடம் விட்டு, மூன்று விநாடி டைமரில் எடுங்கள். மாலை மேகங்களுக்கு 24 மி.மீ. போதும். மறைந்த சூரியனின் பக்கம் பிரகாசமும் மறுபக்கம் இருளும் இருக்கும்போது சின்னச் சென்சார் திணறும். கேமரா பதப்படுத்தாத மூலத் தரவான ரா கோப்பாகச் சேமித்துப் பிறகு கணினியில் சரிசெய்யலாம். 2015இல் வந்த முந்தைய பி900 மாடலில் ரா கிடையாது, பழையதை மலிவாகத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பகலில் ஜூமைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது, சென்சார் போய்விடும்.

பெயர் தெரியாத குரலுக்குக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை வைத்திருக்கிறேன். இலவசம். கேட்கிற ஒலியை வைத்தே பெயர் சொல்கிறது. அது சொல்வதை நான் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே நோட்டில் எழுதுவேன். அதில் உள்ள குரல்பதிவுகளைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க மட்டும் வேண்டாம். கூடு வைக்கும் நேரத்தில் அது போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று தவித்துப்போகும்.

கூடு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் பூவரசின் பட்ட கிளையில் செம்மார்புக் குக்குறுவான் வட்டமாகத் துளை குடைந்திருந்தது. நாளெல்லாம் "டுக் டுக் டுக்" என்று செம்பு தட்டுவதுபோல் ஒலிக்குமே, அதுதான். நான் ஆசையில் சுவரோரமாக நாற்காலியை நகர்த்தி, துளையிலிருந்து ஆறேழு மீட்டரில் உட்கார்ந்தேன். அலகில் பழத்தோடு வந்த பறவை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. துளைக்குள் போகவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே குஞ்சுகள் காத்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நாற்காலியைத் தொட்டி நிழலுக்கே இழுத்துக்கொண்டு போனேன். நான் உட்கார்வதற்குள் அது உள்ளே போய்விட்டது. அன்று முதல் இருபது மீட்டர் என் எல்லை. 2000 மி.மீ. லென்ஸுக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது: பறவை நிம்மதியாக இருக்கிற தூரத்தில் நானும் இருக்கலாம்.

காட்டுக்குப் போகிறவர்கள், வேகமான பறவைகளைத் துரத்துகிறவர்கள் வேறு பாருங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மரமாவது பூக்கிறது, காலையில் ஒரு மணி நேரம் உட்கார முடியும் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம். உதிரி பேட்டரி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பேட்டரிக்கு சுமார் 290 படம் என்றுதான் கணக்கு, தேன்சிட்டு வந்தால் அது ஒரு காலைக்கே காணாது. கல்யாண முருங்கையில் இன்று முதல் மொட்டு சிவந்திருக்கிறது. என் இரண்டு பேட்டரியும் சார்ஜில் இருக்கின்றன.