பேனிக் அட்டாக்குக்குத் தெரபி: மூன்று ஆண்டு அனுபவம்

முதலில் என் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெரபிஸ்ட் சரிப்படுவார் என்பது அதைப் பொறுத்துத்தான். எனக்குப் பேனிக் அட்டாக். மின்சார ரயிலிலோ தி. நகர் துணிக்கடைக் கூட்டத்திலோ நிற்கும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், மூச்சு முட்டும், இதோ உயிர் போகப் போகிறது என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். "கேஸ்தான், ராத்திரி லேட்டா சாப்பிடாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். முசிறியில் இருக்கும் அம்மா குணசீலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். போய்க் கும்பிட்டுவிட்டும் வந்தோம். கூட வேலை பார்க்கும் ஒரு அக்காதான் கவுன்சிலிங் போகச் சொன்னார்.

முதலில் ஒரு ஆப் வழியாகக் கிடைத்த கவுன்சிலர். தங்கமான மனுஷி. நான் பேசுவதை அப்படியே கேட்பார், அழுதால் அழ விடுவார். செஷன் முடிந்து இரண்டு நாளைக்கு மனசு லேசாக இருக்கும். திங்கட்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் கால் வைத்ததும் பழைய கதைதான். படபடப்பு வந்தால் இறங்கிவிடுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், முடியாத நாளில் ஆட்டோ பிடியுங்கள் என்றார். நானும் செய்தேன். ஆட்டோ செலவு ஏறியது, பயம் இறங்கவில்லை. பேனிக்கில் இதுதான் பொறி. தப்பித்து ஓடும் ஒவ்வொரு முறையும் 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மணி அடிக்கிறது. எத்தனை நாள் ஆகும், என்ன திட்டம் என்று கேட்டேன். "நம்பிக்கையோட தொடருங்க" என்றார். பிரிவு, துக்கம் என்று வருகிறவர்களுக்கு இன்றும் அவரைச் சொல்வேன். பேனிக்குக்குச் சொல்ல மாட்டேன்.

அதன்பிறகுதான் யார் யார் என்பதே விளங்கியது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சும் பயிற்சியும்தான். இவர்கள் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேட்கலாம். கவுன்சிலர் என்ற பலகைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்து வருஷக்கணக்கில் வேலை பார்த்த அருமையான ஆளும் இருப்பார், வார இறுதி சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் இருப்பார். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவரத்தான் வந்தது. அது முழுசாக நடைமுறைக்கு வரும்வரை படிப்பை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சைக்கியாட்ரிஸ்டைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. முதலில் தைராய்டு டெஸ்ட் எழுதினார், ஏனென்றால் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். அது சரியாக இருந்ததால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கினார். முதல் இரண்டு வாரம் பதற்றம் கொஞ்சம் கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. அப்படியேதான் ஆயிற்று. போகப்போக அட்டாக் குறைந்தது. ரயில் பயம் மட்டும் போகவில்லை. "அதுக்கு சி.பி.டி. செய்றவங்களைப் பாருங்க" என்றார். நம் எண்ணத்தையும் பழக்கத்தையும் பயிற்சியால் மாற்றும் பேச்சு சிகிச்சை அது.

இந்தத் தடவை போனிலேயே விசாரித்தேன். பேனிக்குக்கு என்ன முறையில் வேலை செய்வீர்கள், முன்னேற்றத்தை எப்போது சரிபார்ப்போம், தமிழிலேயே பேசலாமா. ஒருவர் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் கேட்ட முதல் கேள்வி கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடுமாம்! இதைக் கேட்க எதற்குக் காசு, எங்கள் தெருவிலேயே இலவசமாகச் சொல்வார்கள். மூன்றாவதாகப் பேசியவர் நேராகச் சொன்னார்: "பன்னிரண்டு செஷன்னு வெச்சுக்கலாம், கூடக் குறைய ஆகலாம். அஞ்சாவதுல உட்கார்ந்து பாப்போம். நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ, அதை இங்கேயே செஞ்சு பாக்கப் போறோம்."

நிஜமாகவே செய்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லிய ஸ்ட்ராவில் மூச்சு விட வைத்தார். சுழல் நாற்காலியில் சுற்ற வைத்தார். நின்ற இடத்திலேயே ஓட வைத்தார். ரயிலில் வரும் அதே தலைசுற்றல், அதே படபடப்பு, நாமே வரவழைத்தது. ஒவ்வொரு முறையும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். முதலில் தொண்ணூறு போட்ட ஸ்ட்ரா, சில வாரத்தில் முப்பதுக்கு வந்தது. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-இல் சொன்ன விளக்கம்தான் இதற்கு அடிப்படை என்றார். உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தவறாகப் படிக்கிறோம், அந்தப் பயம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பு பயத்தை உறுதி செய்கிறது.

அப்புறம் ரயில். மதிய நேரத்தில் மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரே ஸ்டேஷன். பிறகு கிண்டி. பிறகு காலைக் கூட்டத்தில் தாம்பரம் வரை. எப்போதும் பையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்ன அன்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன மேடம், ஏசி ரூம்ல உட்கார்ந்து சொல்லிடுவீங்க" என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. நோட்டை எடுத்து அந்தப் படியை இரண்டாக உடைத்தார். முதல் வாரம் பாட்டில் பையின் அடியில், ஜிப் மூடியபடி. அடுத்த வாரம் வீட்டில். இவர்தான் நமக்கான ஆள் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் தெரபி உறவை மூன்றாகப் பிரித்தார்: மனதளவில் ஒட்டுதல், எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு. ஆப் கவுன்சிலரிடம் எனக்கு முதலாவது மட்டுமே இருந்தது.

காசு விஷயம். நான் விசாரித்தபோது சென்னையில் ஒரு செஷனுக்கு 800 ரூபாயிலிருந்து 3,000 வரை சொன்னார்கள், நான் கொடுப்பது 1,500. மனநோய்க்கும் மற்ற நோய்கள் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வெளிநோயாளிச் செலவு அதில் இல்லை. அதனால் வாரம் ஒன்று என்பதை மேடமே இரு வாரத்துக்கு ஒன்றாக்கி, இப்போது மாதம் ஒன்று. கையில் காசில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளிப் பிரிவு உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் வந்தது, தமிழில் பேசலாம், இலவசம்.

போன வருஷம் அப்பாவை ஐசியுவில் வைத்திருந்தபோது அட்டாக் திரும்ப வந்தது. வரும் என்று முன்பே பேசி, வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தோம். மறுபடி ஸ்ட்ரா, மறுபடி ஒரு ஸ்டேஷன், சீக்கிரமே சரியானது. மாத்திரையை டாக்டர் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துவருகிறார்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆன்லைன் செஷனில் பேச்சு நன்றாகப் போகும், பயிற்சிகள் நேரில் செய்வது போல் வராது. 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் முழுக் கட்டணம். அப்பா ஐசியுவில் இருந்த வாரமும் வாங்கினார்கள். அடுத்த செஷனில் அதையும் கேட்டேன். மேடம் ரிசப்ஷனில் பேசி அந்தத் தொகையை அடுத்ததில் கழித்துக்கொள்ளச் சொன்னார், ஆனால் விதியை மாற்றவில்லை.