பழைய குட்டி யானை: பதினான்கு மாத வீட்டு வேலையும் ஒரு காற்றுக் குமிழியும்

டாடா ஏஸ் என்ற சின்னச் சுமை வண்டியைத்தான் எங்கள் பக்கம் குட்டி யானை என்போம். அதைப் பற்றிப் போன வாரம் மச்சினன் போனில் கேட்டான். "மாமா, சங்ககிரிப் பக்கம் 2010 மாடல் குட்டி யானை ஒண்ணு அறுபத்தஞ்சாயிரம் சொல்றாங்க. உங்களாட்டம் நானும் வீட்டுல நிறுத்தி லீவு நாள்ல வேலை பார்க்கலாம்னு இருக்கேன். எடுக்கட்டுங்களா?"

"எடுக்காதே மாப்ள" என்று உடனே சொல்லிவிட்டேன். வண்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தேன். கையில் டீசல் நாற்றம் போகவில்லை, கோபமும் தணியவில்லை. அவனுக்கு முழுசாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2009 டாடா ஏஸ். திருச்செங்கோட்டில் ஒருவரிடம் 78,000 ரூபாய்க்கு வாங்கி, பதினான்கு மாதம் ஆகிறது. வாடகைக்கு ஓட்ட வாங்கவில்லை. எனக்கு ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும், அதற்காக வாங்கினேன். வாசலில் வேப்பமரத்தடியில் சரியாக ஒரு குட்டி யானை நிற்கும் அளவுக்குத்தான் இடம்.

இந்த என்ஜினைப் பற்றி மனசாரச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2005-ல் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது இன்டிகா காரின் நான்கு சிலிண்டர், 1,405 சிசி டீசல் என்ஜினைப் பாதியாக்கினது மாதிரி செய்தார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு முக்கால் டன் ஏற்றுகிறது. சீட்டைத் தூக்கினால் என்ஜின் கண்ணெதிரே இருக்கும். லேப்டாப் மாட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் என் வண்டியில் இல்லை. டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும், காலையில் ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் ஓடியே தீரும். ஒரு மனிதன் தனியாக, இரண்டு கையால் புரிந்துகொள்ளக்கூடிய என்ஜின். முதல் தடவை சீட்டைத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஓடுவதைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒன்று உடைந்திருந்தது, மாற்றினேன். பின் சக்கர பிரேக்கின் வீல் சிலிண்டர் கசிந்தது, அதுவும் லைனிங்கும் புதுசு. கேபின் தரையில் ரப்பர் விரிப்புக்கு அடியில் துரு. அதை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் அடிக்க மட்டும் ஆள் கூப்பிட்டேன். இவையெல்லாம் எதிர்பார்த்தவை, சொல்ல ஒன்றுமில்லை.

என்னைப் படுத்தியது காலை ஸ்டார்ட்டிங்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபது விநாடி, முப்பது விநாடி. அப்புறம் இருமி, வெள்ளைப் புகை விட்டு எழும்பும். ஒருதரம் எழும்பிவிட்டால் சாயங்காலம் வரை தொட்டதும் ஸ்டார்ட். ஹீட்டர் பிளக் என்றார்கள், இரண்டையும் மாற்றினேன். பேட்டரி என்றார்கள், மாற்றினேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். டீசல் ஃபில்டரை இரண்டு தரம் மாற்றினேன். எட்டு மாதம் போனது, பதினோராயிரம் ரூபாய் போனது. காலை ஸ்டார்ட்டிங் அப்படியே இருந்தது.

எங்கள் தெருவில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காலை நான் செல்ஃப் அடிப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். "கண்ணு, இது காத்துப் பிடிக்குது" என்றார். சொட்டுக்கூட டீசல் கசியலையே பெரியப்பா என்றேன். "டீசல் வெளிய வராத ஓட்டையிலயும் காத்து உள்ள போகும்" என்றார்.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. டேங்க் கீழே இருக்கிறது. அங்கிருந்து டீசலை மேலே உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் மயிரிழை அளவு பிளவு இருந்தாலும், வண்டி ஓடும்போது அது டீசலை வெளியே தள்ளாது, வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ராத்திரி நிறுத்தினதும் குழாயில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். அந்த இடத்தில் காற்று உட்காரும். காலையில் அந்தக் காற்றை வெளியே தள்ளிய பிறகுதான் டீசல் வந்து சேரும். கீழே அட்டை விரித்து எத்தனை நாள் பார்த்தாலும் ஒரு சொட்டும் விழாது.

பெரியவர் சொன்னபடி, ஒரு கேனில் டீசல் ஊற்றி என்ஜினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை தொட்டதும் ஸ்டார்ட். அப்படியானால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். பழையபடி லைனை மாட்டி, ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு போட்டேன். நாற்பது ரூபாய். ஸ்டார்ட் செய்ததும் பார்த்தேன். கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடுகின்றன.

பிறகு அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போனேன். டேங்குக்கு மேலே, சுமை ஏற்றும் தொட்டியின் அடிப்பலகைக்கும் சேஸிசுக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலில் பட்டது. யாரோ குழாயை அறுத்து, சைக்கிள் டியூப்பைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். டீசலில் ஊறி ரப்பர் களியாகியிருந்தது. அந்த ஆளைப் பார்த்தால் என்ன கேட்பேன் என்று அங்கேயே படுத்துக்கொண்டு யோசித்தேன்.

இது வண்டி செய்தவர்களின் குறை இல்லை. பதினாறு வருஷத்தில் எத்தனையோ கை மாறியதன் குறை. முழு லைனையும் டீசலுக்கான நல்ல ஹோஸில் மாற்றி, கிளிப் போட்டு, காப்பர் வாஷர் எல்லாம் புதுசு வைத்தேன். மொத்தம் 640 ரூபாய்.

ஆனால் தொட்டியின் பக்கப் பலகைக்கு பெயின்ட் அடிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது ஒன்று பார்த்தேன், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மேலே நீலம், அதற்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் வெள்ளை. மஞ்சளில் "குடிநீர் கேன்" என்று பாதி எழுத்து. வெள்ளையில் "முட்டை" என்று தெளிவாகவே இருந்தது. நாமக்கல் பக்கத்து வண்டி, முட்டை ஏற்றாமல் இருந்திருக்காது. நடுராத்திரியில் ரோட்டோரம் லைன் அறுந்து, பின்னால் அட்டை அட்டையாக முட்டையோடு நின்றவன் கையில் அன்றைக்கு சைக்கிள் டியூப்தான் இருந்திருக்கும். விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அவனுக்கு இருந்திருக்காது. அவன் மேல் கோபம் குறைந்தது. அடுத்த வாரம் வேலை இல்லாத நாளில் அதைச் சரியாக மாற்றியிருக்கலாமே என்ற கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

பழைய சுமை வண்டியை வீட்டில் வைத்து வேலை பார்ப்பது என்றால் பாதி இதுதான். என்ஜின் கெடுவது குறைவு. அவசரத்துக்குச் செய்த ஒவ்வொரு ஒட்டு வேலையையும் தேடிக் கண்டுபிடித்துப் பிரிப்பதுதான் பெரிய வேலை. ஹெட்லைட் வயரிங்கில் இதுவரை நான்கு எடுத்திருக்கிறேன். இன்னும் இருக்கும்.

காகித வேலையும் கேட்டான் மச்சினன். சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் பெர்மிட் வேண்டாம். மஞ்சள் போர்டு என்பதால் எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. பதினைந்து தாண்டிவிட்டதால் அதற்குக் கட்டணமும் கூடுதல். உன் கார் லைசென்ஸே போதும். 7,500 கிலோ வரை அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எஞ்சினுக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். இன்று காலை ஐந்தரை மணிக்கு, பனியில் நின்ற வண்டி, சாவியைத் திருப்பியதும் எழும்பியது. வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "ஆச்சுங்களா?" என்றாள். ஆச்சு. அவ்வளவு சந்தோஷம் சமீபத்தில் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

இருந்தாலும் எடுக்காதே மாப்ள. உனக்கு இரண்டு ஷிப்ட் வேலை, சின்னக் குழந்தை. எட்டு மாதம் ஒரு குமிழியைத் தேட உனக்குப் பொழுது இல்லை.

நான் சொல்லி நீ கேட்க மாட்டாய் என்பது தெரியும். பார்க்கத்தான் போகிறாய் என்றால் ஞாயிறு விடியற்காலை போகலாம், டார்ச்சும் விரிக்க ஒரு சாக்கும் நான் எடுத்து வருகிறேன். விற்கிறவரிடம் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடு, நாம் வந்து சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று.