காசு கட்டிய கணக்குப் பயிற்சி: மூன்று மாதம் வேண்டாம், ஒரு மாதம் போதும்

வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் வடிகட்டலே இப்போது நியூமெரிக்கல் ரீசனிங் டெஸ்ட், அதாவது அட்டவணையும் வரைபடமும் பார்த்து நேரத்துக்குள் கணக்குப் போடும் தேர்வு, என்று ஆகிவிட்டது. நம் பயோடேட்டாவை யாராவது திறந்தார்களா என்று தெரிவதற்குள் மெயிலில் ஒரு லிங்க் வந்து நிற்கும், இத்தனை நாளுக்குள் முடித்துவிடு என்று. எனக்கு முதல் லிங்க் வந்தபோது, பத்தாம் வகுப்புக் கணக்குதானே என்ற மிதப்பில் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தேன். பாதியைத் தாண்டவில்லை, நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே ‘வருந்துகிறோம்’ மெயில். அந்தக் கடுப்பில்தான் ஒரு ஆன்லைன் பயிற்சித் தொகுப்புக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். பெயரைப் போடவில்லை. இந்த வகைத் தளங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான், அதனால் நான் சொல்வது நீங்கள் வாங்க நினைக்கும் தளத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

உள்ளே நுழைந்ததும் ஆயிரத்துக்கு மேல் கேள்விகள், நாற்பது மாக் டெஸ்ட், சில வீடியோக்கள். வீடியோக்களை விடுங்கள், இரண்டு பார்த்தேன், தூக்கம் வந்தது. உருப்படியான விஷயம் டைமர்தான். திரையின் மேல் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது, நடுவில் போன் வந்தால் போனதுதான். வீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு நிதானமாகப் போட்டால் இந்தக் கணக்கு எல்லாமே யாருக்கும் வரும். நிதானமில்லாமல் போடுவதுதான் தேர்வே. முதல் வாரம் ஒவ்வொரு டெஸ்டிலும் கடைசி நாலைந்து கேள்வியைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது வாரத்தில் எந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கை தானாகவே முடிவெடுக்க ஆரம்பித்தது. நான் கட்டிய காசுக்கு இது ஒன்று ஈடு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரித் தேர்வு வைப்பதில்லை. எஸ்ஹெச்எல் என்ற நிறுவனம் கம்பெனிகளுக்காக நடத்தும் தேர்வுகளில் ஒரு வகை 10 கேள்விக்கு 18 நிமிடம், வரைபடத்தின் பட்டையை இழுத்துச் சரியான உயரத்தில் நிறுத்தச் சொல்லும். கட்-ஈ என்ற நிறுவனத்திடம் இருந்து பிறகு ஏயான் என்ற நிறுவனத்தின் கைக்குப் போன தேர்வு வேறு ரகம்: 37 வாக்கியங்கள், 12 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, தரவை வைத்துச் சொல்ல முடியாது என்று மூன்றே பதில். ஒரு கேள்விக்கு இருபது நொடிகூடக் கிடையாது, அதிலும் எந்த அட்டவணையில் தேட வேண்டும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். டாலண்ட் க்யூ என்ற இன்னொரு தேர்வு வகையில் நீங்கள் சரியாகப் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். அதனால் அதில் திணறினால் மோசமாகச் செய்கிறோம் என்று அர்த்தமில்லை, இது முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ பதற்றம் மிச்சம். நான் வாங்கிய தொகுப்பில் இந்த வித்தியாசம் எதுவுமே இல்லை. ஒரு அட்டவணை, அதன் கீழே நாலு கேள்வி, ஐந்து விடை, அவ்வளவுதான். மேலே ‘இந்த நிறுவனத்துக்கானது’ என்று வெவ்வேறு பெயர் மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஒரே கேள்வியை மூன்று பெயரின் கீழ் பார்த்தேன்.

கேள்விகளின் தரம் பரவாயில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன், என்னை மூன்று தடவை விழவைத்த ரகம். நாலு கிளைகளின் விற்பனை அட்டவணை. மூன்றாவது கிளையின் விற்பனை போன ஆண்டைவிட 15 சதவீதம் கூடி இப்போது 460. போன ஆண்டு எவ்வளவு? அவசரத்தில் 460-ல் 15 சதவீதத்தைக் கழித்தால் 391 வரும். விடைகளில் 391 அழகாக உட்கார்ந்திருக்கும், பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிடும், க்ளிக் செய்துவிடுவோம். சரியான விடை 460-ஐ 1.15-ஆல் வகுத்தால் வரும் 400. கூட்டிய சதவீதம் பழைய எண்ணின் மேல் கூட்டியது, புதிய எண்ணிலிருந்து கழித்துத் திரும்ப முடியாது. இதைத் தெரியாதவர்கள் கிடையாது, ஆனாலும் கடிகாரம் ஓடும்போது விழாதவர்களும் குறைவு. அதே அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ‘எண்கள் ஆயிரங்களில்’ என்று இருந்தது. அடுத்த கேள்வியில் அதற்காக ஒரு பொறி, அதிலும் விழுந்தேன்.

விளக்கங்கள்தான் இந்தத் தளத்தின் பலவீனம். ‘460 ÷ 1.15 = 400’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 391 ஏன் தப்பு, அது ஏன் விடைகளில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு விடை தெரியாமல் இருப்பது பிரச்சினை இல்லையே, தப்பு விடை எங்கிருந்து முளைத்தது என்று தெரிவதுதான் வேண்டும். குறுக்கு வழியும் சொல்லித் தருவதில்லை. 7,984-ல் 24.7 சதவீதம் என்ன என்று ஒரு கேள்வி. விடைகள் 1,240, 1,972, 2,470 என்று தள்ளித் தள்ளி இருக்கும்போது கால்குலேட்டரைத் தொடவே வேண்டாம், எட்டாயிரத்தில் கால்வாசி இரண்டாயிரம், அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பது 1,972, முடிந்தது. தளமோ மூன்று வரிக்குப் பெருக்கிக் காட்டுகிறது.

வேறு வழியில்லாமல் நானே ஒரு பழைய நோட்டை எடுத்து, தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுத ஆரம்பித்தேன். அறுபது தப்பு சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தேன். 23 தடவை அலகைக் கவனிக்காதது, 17 தடவை பக்கத்து வரிசையையோ வேறு ஆண்டையோ படித்தது, 11 தடவை கடைசி நிமிட அவசரம். கணக்கே தெரியாமல் விட்டது வெறும் 9. அந்த ஒன்பதிலும் பாதி சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் இடையிலான குழப்பம். 4 சதவீதம் 5 ஆனால் ஏறியது ஒரு புள்ளி, ஆனால் உயர்வு 25 சதவீதம், கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் போட்டது. நான் அதுவரை உட்கார்ந்து பெருக்கல் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன், வேண்டியதோ தலைப்பையும் அடிக்குறிப்பையும் முதலில் படிக்கும் பழக்கம். இதைக் காட்டித்தரும் வசதி ஒன்றும் தளத்தில் இல்லை, ‘உங்கள் பலவீனம்: சதவீதம்’ என்று மட்டும் ஒரு சிவப்புப் பட்டை வரும்.

பர்சன்டைல், அதாவது நூற்றில் எத்தனை பேரைவிட நாம் மேலே இருக்கிறோம் என்ற எண், அந்த விஷயத்தில் இன்னும் கோபம். ஒவ்வொரு மாக் முடிந்ததும் ‘நீங்கள் 88-வது பர்சன்டைல்’ என்று பட்டாசு வெடிக்கும். யாரோடு ஒப்பிட்டு என்று எங்கேயும் சொல்லவில்லை. உண்மையான தேர்வில் இதே மாதிரி வேலைக்கு வரும் ஆட்கள் அடங்கிய ஒரு குழுவோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் வருகிறது. அதனால் இங்கே வாங்கிய 88-ஐ வைத்துக்கொண்டு கனவு காண ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தையே பார்க்காமல் மூடிவிடுங்கள்.

அப்புறம் விடைத்தாளிலேயே தப்பு. ஒரு கேள்வி: ஒரு பிரிவில் 40 பேர், அதில் 10 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், இன்னொரு பிரிவில் 160 பேர், 20 சதவீதம் பேர் விட்டார்கள், மொத்தத்தில் எத்தனை சதவீதம்? தளம் 15 என்கிறது. இரண்டு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்கள், தேர்வு எழுதுகிறவனுக்கு வைக்கும் பொறியில் தேர்வு வைத்தவரே விழுந்த கதை. விட்டவர்கள் 4 பேரும் 32 பேரும், ஆக 36, மொத்தம் 200-ல் அது 18 சதவீதம். உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நாலு நாள் கழித்து ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது.

வாங்கலாமா என்று கேட்டால், முதலில் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்துக்கே போய் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறதா பாருங்கள். எஸ்ஹெச்எல் போன்றவர்கள் தருகிறார்கள், திரையும் கேள்வியின் வாடையும் அப்படியே இருக்கும். அதை முடித்த பிறகும் நேரம்தான் தகராறு என்றால் ஒரு மாதச் சந்தா எடுங்கள், மூன்று மாதம் வேண்டாம். எனக்கு ஐந்தாவது வாரத்திலேயே கேள்விகள் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்து, விடை மனப்பாடமாகிவிட்டது. போன் கால்குலேட்டரில் பழகாதீர்கள், தேர்வன்று வைத்துக்கொள்ளப்போகும் அதே கால்குலேட்டரை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பொத்தான் எங்கே என்று தேடும் நொடிகள் சேர்ந்து ஒரு கேள்வியைத் தின்றுவிடும். வீட்டில் வேறு யாரையாவது உட்காரவைத்து எழுதலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பல இடங்களில் நேர்முகத்தன்று நேரில் இன்னொரு தடவை சின்னதாகத் தேர்வு வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

இரண்டாவது கம்பெனியின் தேர்வில் தேறிவிட்டேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் அதை நிறுத்த நேற்று தளத்தைத் திறந்தேன். சும்மா அந்த வேலையை விட்டவர்கள் கேள்வியையும் ஒரு தடவை பார்த்தேன். இன்னும் 15 சதவீதம்தான்.