மண்டபத்தில் போட்ட தீபாவளி ஆஃபரில் குக்கர் வாங்கி ஏமாந்தோம், நீங்களும் மாட்டாதீர்கள்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. இந்த வருடமும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வடசென்னை டி.எச். ரோட்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள், அதே குரல், அதே வசனம். அதனால்தான் எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் சமைப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள்தான். மாதம் 500, பன்னிரண்டு மாதம். சீட்டு முடிந்து கையில் 6,000 ரூபாய் வந்த அன்றைக்கே அம்மா, "இந்த வருஷம் ஒரு நல்ல குக்கர் வாங்கிடலாம்" என்றார். பழைய குக்கர் 2003இல் அப்பா போனஸ் பணத்தில் வாங்கியது. கைப்பிடி ஒரு பக்கம் ஆடும், கேஸ்கட் தளர்ந்துவிட்டது. மற்றபடி அதற்கு ஒன்றும் இல்லை. இதை இப்போது சொல்கிறேன், அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பார்த்தால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பேனர். 'கம்பெனி நேரடி விற்பனை, 8 நாட்கள் மட்டும், 60% தள்ளுபடி, பழசைக் கொண்டுவாருங்கள் புதுசை எடுத்துச் செல்லுங்கள்.' உள்ளே போனால் சாப்பாட்டு மேசைகள் முழுக்க மிக்சி, கேஸ் அடுப்பு, டேபிள்டாப் கிரைண்டர், நான்ஸ்டிக் தவா. நிற்க இடமில்லை. வாசலிலேயே குலுக்கல் கூப்பன் என்று பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

5 லிட்டர் அலுமினியக் குக்கர். பெட்டியில் விலை 3,950 என்று இருந்தது. 60 சதவீதம் போக 1,580. பழைய குக்கருக்கு 300 கழித்து 1,280. கூடவே ஒரு கரண்டி செட் இலவசம். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, அதையும் பார்த்தேன். முத்திரை இருந்தால் போதும் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

பணம் கொடுத்ததும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். மேலே 'எஸ்டிமேட்' என்று இருந்தது. கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, ஒரு செல்போன் நம்பர் மட்டும். "பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும்மா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் அங்கிருந்த பையன். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

முதல் நாள் பருப்பு வைத்தபோதே மூடியைச் சுற்றி ஆவி கசிந்தது. புது கேஸ்கட், பழகினால் சரியாகிவிடும் என்று விட்டோம். இரண்டாம் நாளே அடி லேசாக உப்பி, அடுப்பின் மேல் ஆட ஆரம்பித்தது. நான்காம் நாள் காலை அம்மா எப்போதும் செய்வதுபோல விசில் அடங்கும்வரை காத்திருந்தார். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் ஆகியிருந்தது. கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார், ஆவி வரவில்லை. அப்படியென்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? கைப்பிடியைத் திருப்பினார். மூடி சத்தத்தோடு எகிறி, உள்ளே இருந்த பருப்பும் ஆவியும் அம்மாவின் வலது மணிக்கட்டில் அடித்தது. நான் பக்கத்து அறையில் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து பார்த்தபோது அம்மா கையைக் குழாயில் காட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மேலோட்டமான காயம், இரண்டு வாரத்தில் ஆறியது. முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் யோசிக்க முடியவில்லை.

கல்மண்டபம் பகுதியில் குக்கர், அடுப்பு ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். குக்கரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மூடியைக் கவிழ்த்து, வெயிட் உட்காரும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை பாதிதான் திறந்திருந்தது. துளை போட்டபோது வந்த பிசிறைக்கூட எடுக்கவில்லை, அதில் பருப்புத் தோல் போய் அடைத்திருக்கிறது. வெயிட்டைத் தூக்கியும் ஆவி வராததற்கு அதுதான் காரணம். அப்புறம் சேஃப்டி வால்வை ஸ்பேனரால் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல வால்வு என்றால் நடுவில் சூட்டுக்கு உருகும் உலோகம் இருக்கும், சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். என் கையில் இருந்தது வெறும் திருகாணி. நடுவில் ஒன்றுமே இல்லை, முழுசாகக் கெட்டி.

"இன்னாக்கா இது, தகரத்த வாங்கினு வந்துகீற. பழச எங்க போட்ட?" என்று கேட்டார். எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததைச் சொன்னேன். "அதுக்குக் கேஸ்கட்டும் ஒரு கைப்பிடியும் மாத்தினா இன்னும் பத்து வருசம் ஓடியிருக்குமே" என்றார். அப்பா இப்போது இல்லை. அந்தக் குக்கரை 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதுதான் எனக்குப் பணம் போனதைவிடப் பெரிய வலி.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தேன். விலை போட்டிருந்த இடம் ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்பினேன், அடியில் அச்சடித்த விலை 1,150. அதாவது தள்ளுபடி போக நான் கொடுத்தது உண்மையான எம்.ஆர்.பி.யைவிட 130 ரூபாய் அதிகம், அதற்கு மேல் பழைய குக்கர் வேறு. அதிகபட்ச விலையை ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்டக் கூடாது என்பது சட்டம். விலையைக் குறைக்கத்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஆகவே விலை ஸ்டிக்கரில் இருந்தால் அங்கேயே, அவர்கள் எதிரிலேயே உரித்துப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். வீட்டு பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் இந்த முத்திரை கட்டாயம். இல்லாத குக்கரை விற்பதே குற்றம். 2022இல் பெரிய ஆன்லைன் கடைகளுக்கே, தரமில்லாத குக்கர்களை விற்கவிட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்று இருக்க வேண்டும், அது குக்கருக்கான தர எண். கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு ஆப் இலவசம். அதில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள், உரிமம் இன்னும் இருக்கிறதா என்பது வந்துவிடும். நான் போட்டுப் பார்த்தேன். வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது, பொருளும் குக்கர் இல்லை. ஒரு நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்பு அதைச் செய்திருந்தால் அம்மாவின் கை தப்பியிருக்கும்.

மண்டபத்துக்குப் போனபோது அங்கே யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. "எட்டு நாள் வாடகைக்கு எடுத்தாங்க, காலி பண்ணிட்டாங்க" என்றார் மேனேஜர். செல்போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆனால் விற்றவர் பெயர், முகவரி, பில் என்று கேட்டபோது என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை நமக்கு உரிமை உண்டு. அந்த ரப்பர் ஸ்டாம்புக்கு மதிப்பே கிடையாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. எல்லாம் இருக்கிறது, யார் மேல் போடுவது என்பதுதான் தெரியவில்லை. 18 பர்சென்ட் மிச்சம் என்று நினைத்து நான் விட்டுக்கொடுத்தது அந்த ஆளின் முகவரியை.

எதிர் வீட்டு அக்கா அதே மண்டபத்தில் 750 வாட் மிக்சி வாங்கினார். பொங்கலுக்கு முன்பே புகைந்துவிட்டது. பின்னால் இருக்கும் இரண்டு வீட்டில் அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒன்றில் பர்னர் சரியாக எரிவதில்லை, இன்னொன்றை அவர்கள் இன்னும் பிரிக்கவே இல்லை, பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு எம்.சி. ரோட்டுப் பாத்திரக்கடையில் பில்லோடு ஒரு 5 லிட்டர் குக்கர் வாங்கினோம். தள்ளுபடி வெறும் 15 சதவீதம்தான். இரண்டையும் தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். புதுசு 2 கிலோ 200 கிராம், மண்டபத்துக் குக்கர் 1 கிலோ 350. வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், ஆனால் அவர்கள் பெட்டியோடுதான் கொடுத்தார்கள், பிரிக்க விடவில்லை. பிரிக்க விடாத இடத்தில் வாங்காதீர்கள்.

அந்தக் குக்கர், வால்வு, பெட்டி, ஸ்டிக்கர், துண்டுச்சீட்டு எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆப்பிலேயே புகார் பதிவு செய்திருக்கிறேன். போன தீபாவளிக்கு அந்த மண்டபத்தில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், சரக்கு இறக்கிய வண்டியின் எண்ணோ, பேனரின் போட்டோவோ, கார்டில் பணம் கட்டிய ரசீதோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஜி-பே மூலம் கட்டியிருந்தால் இன்னும் நல்லது, அதில் பெயர் இருக்கும். இந்த வருடம் எந்த மண்டபம் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள், பையை எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன்.